வெந்த சோற்றின் கணக்கு

என் அருமை வாலுக்கு,

அப்பா எழுதுகிறேன். ஒரு பிள்ளைக்குத் தாயான பிறகும் வாலு என்று கூப்பிடுகிறேனே என்று முகத்தைச் சுளிக்காதே, வேறு எப்படி ஆரம்பித்தாலும் கை ஓடமாட்டேன் என்கிறது. நீயும் மாப்பிள்ளையும் பேரனும் நோய்நொடி இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். இங்கே நாங்கள் இரண்டு பேரும் இருக்கிறோம், வேளாவேளைக்குச் சாப்பிடுகிறோம், வீட்டில் பேச்சுச் சத்தம்தான் குறைந்துபோயிருக்கிறது. அது ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை எடுத்தேன், மூன்று தடவையும் உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், நான் மழையைப் பற்றியும் மாடிக் குழாய் ஒழுகுவதைப் பற்றியும் பேசிவிட்டு வைத்துவிட்டேன்.

பெரிய டாக்டர் லீவில் போய்விட்டார், அதனால் முழங்கால் ஆபரேஷன் தள்ளிப்போகிறது என்று அம்மா உன்னிடம் சொன்னாள் அல்லவா, அது பொய். டாக்டர் எங்கேயும் போகவில்லை. எடை குறையவில்லை என்றுதான் தள்ளிவைத்தார், எடை குறையாததற்குக் காரணம் உன் அம்மா இல்லை, நான். நீ லீவு வாங்கி, பேரனின் பள்ளிக்கூடத்தில் சொல்லி, பெட்டி அடுக்கி வைத்திருந்தாய், அத்தனையையும் வீணாக்கினவன் நான்தான். என்னைக் காட்டிக்கொடுக்க மனசு வராமல் அவள் அந்தப் பொய்யைச் சொன்னாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே நகத்தைக் கடித்தேன். இருபது நாளாக அது உள்ளே அறுத்துக்கொண்டே இருக்கிறது.

முதலிலிருந்து சொன்னால்தான் உனக்குப் புரியும். எண்பத்தாறு கிலோவோடு அறுக்க முடியாது, எழுபத்தெட்டுக்குக் கீழே கொண்டுவாருங்கள் என்று டாக்டர் சொன்னபோது நீதான் அங்கிருந்தபடியே அவளை அந்த இளைக்கவைக்கும் கம்பெனியின் திட்டத்தில் சேர்த்துவிட்டாய். வாரத்துக்கு ஒரு அட்டைப்பெட்டி வரும், காலையில் கரைத்துக் குடிக்க ஒரு பொடி, மத்தியானத்துக்கு ஒரு பாக்கெட் சூப்பு, நாலு மணிக்கு மரத்தூளை அழுத்திச் செய்த மாதிரி ஒரு பிஸ்கோத்து. சனிக்கிழமை தோறும் மருந்துக்கடை மாடியில் கூட்டம், வரிசையாக நின்று எடை பார்ப்பார்கள், யாருக்குக் கால் கிலோ குறைந்திருந்தாலும் எல்லோரும் கைதட்டுவார்கள். கூட்டத்தை நடத்துகிற அம்மாளுக்கு நான் கைதட்டல் அம்மா என்று பேர் வைத்தேன். கரைச்சுக் குடிக்க ஒரு கம்பெனி, கைதட்ட ஒரு கூட்டமா என்று தினமும் ஒரு கிண்டல். உன் அம்மா சிரித்துக்கொண்டே போய்விடுவாள். இரண்டு மாதத்தில் நாலரை கிலோ குறைந்தது, அவள் மாடிப்படியை நிற்காமல் ஏறினாள். எனக்கு அப்போது சந்தோஷமாக இருந்தது என்று எழுதினால் அது பாதி உண்மைதான், மீதிப் பாதி வயிற்றெரிச்சல். மூன்றாம் மாதம் முள் நகராமல் நின்றது. எனக்குத் தட்டில் சோறு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்து தான் மட்டும் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு இருப்பது அவளுக்கு வெறுத்துப்போனது, வாயில் வைத்தாலே குமட்டுகிறது என்று பெட்டியை நிறுத்தினாள். வழக்கமான சாப்பாட்டுக்கு வந்தாள், எண்பத்துநாலுக்கு ஏறிவிட்டது.

அப்போதுதான் நான் புகுந்தேன். முப்பத்துநாலு வருஷமாகத் தராசு ரிப்பேர் பண்ணுகிறவன், கிராம் கணக்கு எனக்குத் தெரியாதா என்ன. சமையலறைக்கு ஒரு கிராம் பிசகாத சின்ன எலெக்ட்ரானிக் தராசு கொண்டுவந்து வைத்தேன், ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன், எந்தப் பண்டத்தில் நூறு கிராமுக்கு எத்தனை கலோரி என்று தேடிப்பிடித்து முதல் பக்கத்தில் என் கையாலேயே எழுதினேன். இனி கம்பெனியும் வேண்டாம் கைதட்டலும் வேண்டாம், கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும் என்று மார்தட்டினேன். சனிக்கிழமைக் கூட்டத்துக்கு மட்டும் போய்வருகிறேனே என்று அவள் கேட்டாள், எதற்கு வீண் அலைச்சல் என்று அதையும் நிறுத்தினேன். நீகூடப் போனில் சொன்னாய், அம்மாவுக்கு அந்தக் கூட்டம் பிடிச்சிருக்குப்பா, அத மட்டும் கெடுத்துடாதீங்க என்று. நான் கேட்டால்தானே.

நான் சொன்னதை அவள் அப்படியே செய்தாள் அம்மாடி. ஒரு வாழைப்பழத்தைத் தோலை உரித்துவிட்டு எடை போட்டாள், டீயில் போடும் பாலை எடை போட்டாள், தாளிக்கும் எண்ணெயைக் கரண்டியோடு வைத்துப் பிறகு கரண்டியைக் கழித்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் குளியலறை வாசலில் இருக்கும் அந்த வட்ட முள் மிஷினில் ஏறுவாள், குனிந்து பார்க்க முழங்கால் விடாது, நான்தான் படித்துச் சொல்லுவேன். முதல் வாரம் எண்பத்துநாலு, இரண்டாம் வாரமும் எண்பத்துநாலு. எனக்குப் புத்தி எங்கே போனது பார், கணக்கில் தப்பு இருக்குமோ என்று ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை. இவள் திருட்டுத்தனமாக எதையோ தின்கிறாள் என்று நினைத்தேன். பிஸ்கட்டை எண்ணி வைத்தேன். சர்க்கரை டப்பாவில் சர்க்கரை நிற்கும் மட்டத்துக்குப் பென்சிலால் ஒரு கோடு போட்டேன். இதை உனக்கு எழுதும்போது கை கூசுகிறது, ஆனாலும் எழுதித்தான் ஆக வேண்டும்.

மூன்றாம் வாரம் அவள் சந்தைக்குப் போன நேரத்தில் அந்த மிஷினைக் கவிழ்த்துப் போட்டு அடித்தகட்டைக் கழற்றினேன். உள்ளே ஸ்பிரிங்கைத் தாங்குகிற திருகு ஒன்று இருக்கிறது, அதை ஒரு துளி முறுக்கினால் வெறுமையாக இருக்கும்போது முள் பூஜ்ஜியத்திலேயே நிற்கும், ஆள் ஏறினால் அரைக் கிலோ குறைத்துக் காட்டும். இதே வேலையைத் தலைகீழாகச் செய்து வைத்திருந்த மீன்காரன் ஒருவனை நான் நடுச்சந்தையில் நிற்கவைத்து நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருக்கிறேன், உனக்கு நினைவிருக்கும், நீ என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். அன்று ஊருக்கு நியாயம் சொன்னவன் அடுத்தடுத்துப் பதின்மூன்று வாரம், வாரம் ஒரு துளியாக அந்தத் திருகை முறுக்கினேன். எண்பத்துமூன்றரை, எண்பத்துமூன்று என்று இறங்கிக்கொண்டே வந்தது. அவள் முகம் மலர்ந்தது, அவளுக்காகத்தான் செய்கிறேன், தெம்பு வந்தால் தின்பதை நிறுத்திவிடுவாள் என்று எனக்கு நானே காது குத்திக்கொண்டேன். உண்மை அது இல்லை. கம்பெனி நாலரை கிலோ குறைத்தது, என் நோட்டு ஒன்றுமே குறைக்கவில்லை என்று உன்னிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அவ்வளவுதான். எழுபத்தேழரை என்று நான் போனில் சொன்ன அன்றைக்கு நீ, சரிப்பா, நீங்க ஜெயிச்சிட்டீங்க என்றாய். அன்று முழுக்க எனக்குத் தலைகால் புரியவில்லை.

இதில் ஒரு கூத்தையும் கேள். எதிர்வீட்டு டீச்சர் ஒருநாள் வந்து சும்மா ஏறிப் பார்த்தாள், ஒன்றுமே செய்யாமல் மூன்று கிலோ குறைந்துவிட்டதாம், அந்தச் சந்தோஷத்தில் தெருவுக்கே கேக் வாங்கிக் கொடுத்தாள். உன் அம்மா தன் துண்டை எடை போட்டு நோட்டில் எழுதிவிட்டுத்தான் தின்றாள். போன வருஷத்து உடுப்பு இன்னும் இறுக்கமாத்தானே இருக்கு என்று அவள் ஒருநாள் கேட்டதற்குத் துவைத்துத் துவைத்துத் துணி சுருங்கியிருக்கும் என்றேன்.

ஆபரேஷனுக்குக் குறித்த நாளுக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் நர்ஸ் எடை பார்த்தாள். எண்பத்துமூன்று. உன் அம்மா பதறவே இல்லை, சிரித்தாள். உங்க மிஷின கொஞ்சம் பாருங்கம்மா, எங்க வீட்டுக்காரர் தராசு மெக்கானிக்கு, எங்க வீட்டு மிஷின் தப்பு காட்டாது என்று அந்தப் பெண்ணிடம் சொன்னாள். என்னைத் திரும்பிப் பார்த்து, சொல்லுங்களேன் என்றாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன் வாலு. அந்தத் தரையில் எத்தனை கல் பதித்திருந்தது என்று இப்போது கேட்டாலும் சொல்லுவேன்.

அப்புறம் உணவு ஆலோசகரிடம் அனுப்பினார்கள், உன் வயசுதான் இருக்கும். நோட்டை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தாள், இவ்வளவு ஒழுங்கா யாரும் எழுதி நான் பாத்ததில்லம்மா என்றாள். பிறகு முதல் பக்கத்துக்கு வந்தாள், அரிசி என்று நான் எழுதியிருந்த வரியில் விரலை வைத்தாள். ஐயா, இது வெந்த சோத்துக்கு உண்டான கணக்கு, அம்மா அரிசியாவுல்ல எடை போட்டிருக்காங்க என்றாள். உலையில் போடுவதற்கு முன்னால் தன் பங்கு அரிசியை அவள் தனியாக நிறுத்து எடுப்பாள், அதற்கு நான் போட்ட கணக்கு சோற்றுக்கானது. நூறு கிராம் அரிசியில் முந்நூற்றைம்பதுக்குப் பக்கத்தில் இருக்கிறது, நான் நூற்றுமுப்பது என்று எழுதிவைத்திருக்கிறேன். அவள் ஒரு பிஸ்கட்டைக்கூடக் கூடுதலாகத் தொடவில்லை. திருட்டுக் கணக்கு என் கையெழுத்தில் இருந்தது. மிஷினை மட்டும் நான் தொடாமல் இருந்திருந்தால் நாலாவது வாரமே எங்கோ தப்பு என்று தெரிந்திருக்கும், அவள் இந்நேரம் புது முழங்காலோடு நடந்துகொண்டிருப்பாள்.

வெளியே பெஞ்சில் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன், திருகையும் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். தன் முழங்காலைத் தடவிக்கொண்டே, சக்கரை டப்பால கோடு போட்டீங்களே, அன்னிக்கே பாத்தேன், என்கிட்ட கேக்காமலே சந்தேகப்படறீங்களேன்னு இருந்துச்சு, சரி, எடைதான் குறையுதே, இனிமே நம்பிடுவீங்கன்னு விட்டுட்டேன் என்றாள். அதற்குமேல் இன்றுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. திட்டியிருந்தால் எனக்குத் தேவலை.

அந்த ஆலோசகப் பெண்ணிடம் நான் திரும்பிப் போய், கம்பெனித் திட்டம் நல்லதா, கலோரி எண்ணுவது நல்லதா என்று கேட்டேன். ரெண்டும் ஒரே கணக்குதான் ஐயா, அவங்க எண்ணிப் பெட்டிக்குள்ள போட்டுக் குடுக்கறாங்க, நீங்க வீட்டுல எண்ணறீங்க, எதை அம்மாவால விடாம செய்ய முடியும், அம்மா கூட யாரு நிக்கறாங்கன்னு பாருங்க என்றாள். பெட்டியில் இருந்த பொடியை நினைத்து நான் கிண்டல் பண்ணினேன், அந்தக் கூட்டத்தில் பத்துப் பெண்கள் அவளுக்கு இடம் போட்டு வைத்திருந்ததை யோசிக்கவே இல்லை. ஏறினாலும் பரவாயில்லை, அடுத்த வாரம் வாங்க என்று சொல்ல அங்கே ஒருத்தி இருந்தாள், இங்கே கோடு போட நான் இருந்தேன்.

வீட்டு மிஷினை எடைக்கல் வைத்துச் சரிபார்த்து வைத்துவிட்டேன், அவள் அதில் ஏறுவதில்லை. முதல் பக்கத்தை அவளே அடித்துத் திருத்திக்கொண்டாள், நோட்டை விடவில்லை. பெட்டி இல்லாமல் கூட்டத்துக்கு மட்டும் வரலாமா என்று கைதட்டல் அம்மாவிடம் கேட்டாளாம், தாராளமாக வாருங்கள் என்றாளாம். இரண்டு வாரமாக நான்தான் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போய் மாடிப்படியில் உட்கார்ந்திருக்கிறேன். போன சனிக்கிழமை கைதட்டல் அம்மா வெளியே வந்து, ஐயா, நீங்க தராசு வேலை பாக்கறவராமே, எங்க மிஷின ஒரு தடவ பாத்துக் குடுங்களேன் என்றாள். எடைக்கல் பெட்டி கடையில் இருந்தது, போய்த் தூக்கிக்கொண்டு வந்தேன். எல்லாப் பெண்களும் சுற்றி நின்று பார்த்தார்கள், உன் அம்மா ஜன்னலோரம் தனியாக உட்கார்ந்து பார்த்தாள். ஒவ்வொரு கல்லையும் இரண்டு தடவை வைத்துப் பார்த்தேன். முந்நூறு கிராம் கூட்டிக் காட்டியது, சரிசெய்தேன், எல்லோருக்கும் முந்நூறு கிராம் குறைந்ததென்று ஒரே கைதட்டல். உன் அம்மா கைதட்டவில்லை. வரிசை முடியட்டும் என்று காத்திருந்து கடைசியாக எழுந்து வந்தாள், செருப்பைக் கழற்றினாள், மேலே ஏறி நின்று என்னைப் பார்த்தாள், நீங்களே படிங்க என்றாள். மூன்று மாதம் பொய்யான எண்ணை எவ்வளவு சுலபமாகப் படித்தேன், அன்று புள்ளிக்குப் பின்னால் இருந்ததை விழுங்கிவிட்டேன். எண்பத்திரண்டு என்று முனகினேன். கேக்கல, சத்தமா படிங்க என்றாள். எண்பத்திரண்டு புள்ளி இரண்டு என்று அந்த அறை முழுக்கக் கேட்கிற மாதிரி படித்தேன். இறங்கி உட்கார்ந்து அதை நோட்டில் எழுதிக்கொண்டாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில்தான் உட்கார்ந்தாள்.

இதுதான் அம்மாடி நடந்தது. நீ என்மேல் கோபப்படு, எத்தனை நாள் வேண்டுமானாலும் பேசாமல் இரு, ஆனால் அம்மாவிடம் வழக்கம்போலப் பேசு, டாக்டர் லீவைப் பற்றி எதுவும் கேட்காதே. இன்னும் நாலு கிலோவுக்கு மேல் இருக்கிறது, நாலு மாதமாவது ஆகும், அவசரப்படாமல் லீவை மாற்றி வாங்கு. காலையில் நின்றுகொண்டே எதையாவது விழுங்கிவிட்டு ஓடாதே, உட்கார்ந்து சாப்பிடு. மாப்பிள்ளைக்கு இருமல் விட்டுப்போனதா என்று எழுது. பேரனுக்கு முன்பல் முளைத்த படத்தை அனுப்பு, அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறாள். நீங்கள் மூன்று பேரும் ஒருவர் சொல்லை ஒருவர் நம்பிக்கொண்டு நீண்ட நாள் நிறைவாக வாழ வேண்டும், அதைவிடப் பெரிய ஆசீர்வாதம் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இதை ஒட்டாமல் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுக் கடைக்குப் போகிறேன். உன் அம்மா படித்துப் பார்த்து, அனுப்பலாம் என்று தோன்றினால் அவளே ஒட்டட்டும். அவளுக்கென்று கீழே கொஞ்சம் இடம் விட்டிருக்கிறேன்.

உன்னிடமும் அவளிடமும் தலைகுனிந்து நிற்கும்
அப்பா

படித்தேன். எண் சரிதான்.
அம்மா