பழைய காருக்குப் புது ஒயில்

ஸ்கந்தபுரம். சனிக்கிழமை இரவு.

கனடாவில் இருக்கும் அண்ணன் மகன் ரூபன் நாளைக் காலை வருகிறான். அவன் ஆசைப்பட்டு வாங்கிவிட்ட பழைய ஸ்போர்ட்ஸ் கார் என் பொறுப்பில்தான் நிற்கிறது. இந்த வன்னியில் அதைத் தொடத் தகுதியானவன் நான் ஒருவன்தான். யுத்தத் தடைக் காலத்தில் ஒயில் கிடைக்காமல் தேங்காய் எண்ணெய் விட்டு மோட்டார் சைக்கிளைத் துணுக்காய் வரை ஓட்டியவன் நான்.

"சித்தப்பா, பழைய எஞ்சின். தடிச்ச ஒயில்தான் விடவேணும்" என்று ரூபன் போனில் சொல்லியிருந்தான். நான் நேற்றுக் கடையிலேயே விலை கூடியதை வாங்கிவந்து எஞ்சினுக்கு விட்டேன். அது தண்ணீர் மாதிரி மெல்லிசு, புதுக் கார்களுக்கு உரியதாம். இன்று விடிய எழும்பிப் பார்த்தால், தேய்ந்த ரப்பர் சீல்களால் கசிந்து நெல் காயப்போட்ட படங்கு விரிப்பு வரை ஓடியிருந்தது. மனைவி கமலம் பொரிக்கிற சட்டியான தன் தாச்சியைக் கொண்டுவந்து காருக்குக் கீழே வைத்தாள்.

"பொடியன் கண்டால் காரை யாழ்ப்பாணத்துக் கராச்சுக்குக் கொண்டுபோயிடுவான்" என்றேன்.

"கொண்டுபோகட்டும். என்ரை தாச்சியாவது மிஞ்சும்."

கார் போனால் சந்தியில் என்னை யார் திரும்பிப் பார்ப்பது? மத்தியானமே எல்லாவற்றையும் வடித்துவிட்டுத் தடித்த ஒயில் விட்டேன். பின்னேரம் குளக்கட்டால் ஓட்டினேன். சத்தமே இல்லை, பக்கத்தில் நின்ற கொக்குகூடப் பறக்கவில்லை. கசிவும் நின்றுவிட்டது.

ரூபன் கேட்டால், மெல்லிய ஒயில் எஞ்சினைக் கழுவுவதற்காக நான் விட்டது என்று சொல்வேன். யோசித்தால் அதுவும் உண்மைதான், உள்ளே நன்றாகக் கழுவப்பட்டிருக்கும். கமலத்தைத்தான் நம்ப ஏலாது. தாச்சியை எடுக்கச் சொன்னேன். "பொடியன் வந்து பார்க்கட்டும்" என்று படுத்துவிட்டாள்.

நானே எடுக்கலாம். எடுத்தால் இடைக்கிடை விழும் அந்த ஒரு சொட்டு நிலத்தில் விழும்.