கோடா உருளை யாருடையது, அண்ணா?

என் ஆசை அண்ணாவுக்கு,

நீங்கள் கண்மூடிய முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அடிக்கிறார்கள். உங்கள் மகன் ஜூட் வந்து, அப்பா உருளை கண்டுபிடித்த கதையை, மாமி, நீங்கள்தான் எழுதித் தரவேண்டும் என்று கேட்டான். பாவம், அவனுக்கு ஒன்றும் தெரியாது. சரியென்று சொல்லிவிட்டேன். எழுதுகிறேன், ஆனால் அவனுக்கல்ல, உங்களுக்கு. மற்றவர்கள் வாசித்தால் வாசிக்கட்டும்.

சண்டைக்குப் பயந்து எங்கள் ஊர் இலுப்பைக்கடவையை விட்டு ஓடி வந்து, தீவில் நீங்கள் சுருட்டுக் கொட்டில் போட்ட காலம் நினைவிருக்கிறதா? புகையிலைக்குக் கோடா போடுவது எங்கள் பெண்களின் வேலை. கருப்பட்டியும் புகையிலைக் காம்பும் போட்டுக் காய்ச்சிய அந்தக் கறுத்த சாற்றில் ஒவ்வொரு இலையாகத் தோய்த்தெடுக்க வேண்டும். மத்தியானத்துக்குள் தலை சுற்றும், சோற்றைக் கண்டால் ஓங்காளிக்கும். எங்களோடு வேலை செய்த பிலோமினா, வயிற்றில் பிள்ளையோடு ஒருநாள் கோடாச் சட்டிக்குப் பக்கத்திலேயே மயங்கி விழுந்தாள். கையால் தொடாமல் இதைச் செய்ய வழியில்லையா என்று அன்றுதான் யோசிக்கத் தொடங்கினேன்.

தார்ப் பீப்பாவைப் படுக்கவைத்து, சைக்கிள் பெடலால் சுற்றலாம் என்று உங்களிடம் சொன்னேன். நீங்கள் சிரித்தீர்கள். ஆனாலும் வெட்டி ஒட்டித் தந்தீர்கள். உங்கள் கைவேலைக்கு நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை. முதல் தடவை இலையெல்லாம் கிழிந்து, கட்டிபட்டு, மாட்டுச் சாணி போல வந்தது. பீப்பாவைத் தூக்கிக் கடலில் எறியச் சொன்னீர்கள்.

கடலுக்குப் போகத் தடை விழுந்து, என் கணவரின் வலை வீட்டில் சும்மா கிடந்தது. அதை வெட்டிப் பீப்பாவுக்குள் தொய்வாகக் கட்டியவள் நான். பீப்பா சுற்றும்போது வலை இலையை ஏந்தித் தூக்கும், மேலே போனதும் மெல்ல விடும். நடுவே ஓடும் குழாயில் துளை போட்டு, அதன் வழியே கோடாவைத் தூவச் சொன்னதும் நான்தான். இலை ஒரு கிழிசலும் இல்லாமல் வந்த அன்று என் தலையில் கை வைத்து, "என்ர தங்கச்சிக்கு மூளையெண்டா மூளை" என்றீர்கள். அந்தச் சொல் எனக்குப் போதுமாக இருந்தது.

பிறகு சுற்றிவளைப்பு வந்தது. பீப்பாவையும் குழாயையும் சங்கிலியையும் கண்ட ஆமிக்காரன் என்ன நினைத்திருப்பான்? உள்ளே என்ன என்று கேட்டான். பயத்தில் "கோடா" என்றீர்கள். எங்களுக்குக் கோடா என்றால் புகையிலைச் சாறு. சிங்களம் பேசும் அவர்களுக்குக் கோடா என்றால் கசிப்பு, அதாவது கள்ளச்சாராயம், காய்ச்ச ஊறவைக்கிற சரக்கு. புகையிலைக்கு அவர்கள் சொல்லும் "துங்கொல" என்ற சொல் அந்த நேரம் எங்கள் இரண்டு பேர் வாயிலும் வரவில்லை.

இது யாருடையது என்று அடுத்துக் கேட்டான். நீங்கள் என்னைக் காட்டி, "மகே நங்கிகே" என்றீர்கள். என் தங்கச்சியுடையது. நல்ல தெளிவான சிங்களம், அண்ணா.

என்னைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அங்கே இருந்ததைப் பற்றி எழுத எனக்கு மனமில்லை. பங்குச் சுவாமி கோடாவை ஒரு போத்தலில் கொண்டுவந்து, முகர்ந்து பார்க்கச் சொல்லி, மன்றாடித்தான் என்னை மீட்டார். நீங்கள் படலையில் நின்று அழுதீர்கள். "பொம்பிளையெண்டா விட்டிடுவாங்கள் எண்டு நினைச்சுத்தான் சொன்னனான்" என்றீர்கள். பிடிபட்டுப் போன ஆண்கள் திரும்பி வராத காலம் அது. நம்பினேன். இப்போதும் பாதி நம்புகிறேன்.

ஆனால் சண்டை ஓய்ந்து பாதை திறந்த பிறகு வந்த கொழும்பு முதலாளி, ஆமிக்காரனைப் போலத் துவக்கோடு வரவில்லையே? அவர் உருளையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார், வலையைத் தொட்டுப் பார்த்தார். இந்த யோசனை யாருடையது என்று கேட்டார். நான் தேத்தண்ணியோடு பக்கத்தில்தான் நின்றேன். "என்ரதான்" என்றீர்கள். என்னைப் பற்றிக் கேட்டதற்கு, "அவ உதவிக்கு நிக்கிறவ" என்றீர்கள். என் முகத்தை நீங்கள் பார்க்கவேயில்லை. அவர் உங்கள் பெயரிலேயே கண்டுபிடிப்பைப் பதிந்தார். இப்போது வலை கட்டிய பீப்பாக்கள் எங்கெங்கோ சுற்றுகின்றனவாம், எல்லாவற்றுக்கும் உங்கள் பெயர்தான், சவிரி உருளை.

அடி விழும் என்றபோது அது என்னுடையது, மாலை விழும் என்றபோது உங்களுடையது. இதற்குத் துரோகம் என்றல்லாமல் நான் வேறு என்ன பெயர் வைக்க?

என்றைக்காவது திருத்துவீர்கள் என்று காத்திருந்தேன். நீங்கள் பாயில் விழுந்தபோது கஞ்சி பருக்கினேன், உடம்பு துடைத்துவிட்டேன். ஊர்க்கதை எல்லாம் கதைத்தீர்கள், இதை மட்டும் கதைக்கவில்லை. சுவாமி வந்து அவஸ்தைப் பூசுதல் கொடுத்தபோது வெளியில் நின்றேன். அவரிடமாவது சொன்னீர்களா? கடவுளிடம் சொல்லிவிட்டு, என்னிடம் சொல்லாமல் போனீர்களா? உங்கள் பெட்டிமேல் மண் போடும்போது என்னால் அழ முடியவில்லை. கூடப்பிறந்தவருக்காக அழவும் விடாமல் செய்துவிட்டீர்களே, அதுதான் எனக்குப் பெரிய வலி.

இனி இங்கத்தைய புதினம். சண்டை தொடங்கி, பாதை மறுபடி மூடிக் கிடக்கிறது. போன கிழமை கொட்டிலைச் சோதிக்க மீண்டும் வந்தார்கள். ஒருவன் உருளையைத் துவக்கால் தட்டி, "மேக்க காகெத?" என்றான். யாருடையது என்கிற அதே கேள்வி. ஜூட் என் காதுக்குள், "அப்பான்ர எண்டு சொல்லுங்கோ மாமி. செத்தவரை என்ன செய்யப்போறாங்கள்?" என்றான். நல்ல யோசனைதான். நீங்கள் எனக்குச் செய்ததற்கு அது சரியாகவும் இருந்திருக்கும்.

நான் அவன் முன்னால் போய் நின்றேன், அண்ணா. சொன்னேன். "மகே." என்னுடையது.

அவன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனான். திரும்பி வருவார்களோ தெரியாது. அப்பாவின் பெயரைக் காப்பாற்றத்தான் மாமி பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டார் என்று ஜூட் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறான். இதை வாசிக்கும்போது அவனுக்கு விளங்கும்.

உங்களுக்காகப் பூசை ஒப்புக்கொடுப்பேன், கல்லறைத் திருநாளில் மெழுகுதிரி கொளுத்துவேன், ஒரு தங்கச்சி செய்ய வேண்டியதில் ஒன்றும் குறைய விடமாட்டேன். ஆனால் துவக்கோடு வந்து கேட்டாலும் மாலையோடு வந்து கேட்டாலும், இனி என் வாயில் ஒரே பதில்தான் வரும். இது சத்தியம்.

உங்களோடு ஒரே வயிற்றில் பிறந்த,
உருளையைக் கண்டுபிடித்த தங்கச்சி,
ஜசிந்தா