தக்காளித் தோட்டத்து அந்துப்பூச்சிகள்

ஜூன் 12, திங்கள். திருப்பதி.
வெயில். லேபில் ஃபேன் ஓடவில்லை. அப்பாவுக்கு, என் நைனாவுக்கு, காரியம் முடித்து இன்றுதான் திரும்பினேன். எல்லாரும் மெதுவாகப் பேசுகிறார்கள்.
கம்ப்யூட்டரில் பழைய வேலை. அந்துப்பூச்சியைப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறியை எப்படி வைத்தால் தக்காளியில் அதன் காய்ப்புழு குறையும் என்ற கணக்கு. சோதனை ராமகுப்பத்தில், எங்கள் தோட்டத்தில். பொறியில் விழுந்த பூச்சியை நைனாதான் எண்ணிச் சொல்வார். இப்போது ஆளில்லை. "உத்தேசமா போட்டுக்கோம்மா" என்றார் கைடு சார். போடவில்லை. நைனா சொன்னது வரை வைத்து ஓடவிட்டேன்.
சோப்பு வாங்கணும்.

ஜூன் 13, செவ்வாய்.
மத்தியானம் முடிவு வந்தது. சின்னத் தோட்டத்தில் மட்டும் பொறி வைத்தால் பிரயோஜனம் இல்லை. ஆண் பூச்சி விழும். ஆனால் பக்கத்து நிலத்தில் ஜோடி சேர்ந்த பெண் பறந்து வந்து முட்டை வைத்துவிடும். திரும்பவும் பார்த்தேன். சரிதான்.
நைனா இருந்தால் எப்படிச் சொல்லியிருப்பேன்?
மெஸ்ஸில் உப்பில்லாத பருப்பு.

ஜூன் 17, சனி. ஊர்.
குப்பம் வரை ரயில், அப்புறம் பஸ். அண்ணன் பெங்களூரிலிருந்து வந்திருக்கிறான். அமெரிக்கா விசா கிடைத்துவிட்டது. அடுத்த மாதம் பயணம்.
தோட்டத்தில் பொறியின் பையைத் தூக்கிப் பார்த்து, "இதுல எப்டி வந்து வுழுது?" என்றான். உள்ளே ரப்பர் துண்டில் பெண் பூச்சி வாசனை, அதைத் தேடி ஆண் வரும் என்றேன்.
"நைனா போன்ல சொல்லிக்கினே இருந்தாரு. நான்தான் காதுல வாங்கல."
அழுதான். எனக்கு வரவில்லை.
சாயந்திரம் பக்கத்து நிலத்து முனிரத்தினம் மாமா. எங்கள் தோட்டத்தைக் குத்தகைக்குக் கேட்டார். "பொறிய எடுத்துடலாமா பாப்பா?"
"தனியா வெச்சா வேலைக்கு ஆவாது மாமா. உங்க நெலத்துலயும் வெச்சா புழு குறையும்."
"என் நெலத்துலயும் வெக்கலாமான்னு உங்க நைனா கேட்டப்போ வேணான்னுட்டேன்." துண்டை உதறித் தோளில் போட்டார். "ரெண்டும் என் கையில இருந்தா வெச்சுப் பாக்கறேன்."
அம்மா சொன்னாள், "குடுத்துடுங்க. என்னால ஒண்டியா முடியாது."
நான் தலையாட்டினேன்.

ஜூன் 26, திங்கள். திருப்பதி.
தூறல். எஸ்டிடி பூத்திலிருந்து அம்மாவுக்கு.
"துன்னியா?"
"துன்னேன்."
"மாமா நடு வரப்ப வெட்டிட்டாரு. ரெண்டும் ஒரே நெலமா கீது. எது நம்பளதுன்னே தெரியல."
"பொறி?"
"எல்லாப் பக்கமும் நட்டுக்கினு கீறாரு."
லேபுக்கு வந்தேன். திரையில் இரண்டு நிலத்துக்கும் நடுவே இருந்த கோட்டை அழித்தேன். ஓடவிட்டேன். புழு நன்றாகக் குறைந்தது. சார் எட்டிப் பார்த்து, "சால பாகுந்தம்மா" என்று தெலுங்கில் மெச்சினார்.
மேலே, யார் நிலம் என்ற இடத்தில் நைனா பெயர். எடுத்துவிட்டு முனிரத்தினம் என்று அடித்தேன். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை.