மாம்பழ மஞ்சள் துண்டு

கடல் பொங்கி வைத்திக்குப்பத்துப் படகுகளைத் தெருவில் தூக்கிப் போட்டதே, அதற்கு மறு வருஷம் வைகாசி. உப்பளம் ஏரியா மாடி அறையில் நீ புது கம்ப்யூட்டர் இறக்கியிருந்தாய். அந்த மாதத்துக் கல்யாணத் துண்டை இன்று காலை பெட்டியிலிருந்து எடுத்தேன். பாச்சை உருண்டை வாசனையோடு நீயும் வந்து நின்றாய். எனக்குத்தான் எழுத்து வராதே. நான் சொல்ல, பக்கத்து வீட்டுப் பெண் எழுதுகிறாள்.

அந்தக் கல்யாணத்துக்கு நீ வீடியோ எடுத்தாய், நான் லைட் பிடித்தேன். கல்யாணப் பெண்ணின் அப்பா தன் தோளில் கிடந்த மாதிரியே ஒரு துண்டை எனக்கும் போட்டார். மாம்பழ மஞ்சள். "லைட்டுக்காரரு இல்லன்னா நான் இருட்டுல கெடக்குற கருங்கல்லுதான்" என்று சிரித்தார். நல்ல கறுப்பு மனிதர். படம் கைக்கு வருவதற்குள் மாரடைப்பில் போய்விட்டார்.

காரியம் முடிந்து அவர் மனைவி அஞ்சலை உன் அறைக்கு வந்து டிவி முன்னால் உட்கார்ந்தாள். தாலி கட்டும் வரை பழைய எடிட்டிங் புரோகிராமில் வெட்டி ஒட்டியிருந்தாய், மீதி புதியதில். தாலி ஏறிய மறு நொடி அவர் முகம் சாம்பல் பூத்துவிட்டது.

அவள் அழவில்லை. "ஏண்ணே, பாதியிலயே செத்துட்டாரா?" என்றாள்.

நீ ஆடிப்போனாய். பின்னால் நிறத்தைச் சரிபார்க்க எந்தக் கேசட் தலையிலும் நீ பதிக்கும் கலர் பட்டையை, முகூர்த்த அவசரத்தில் அன்றைக்கு விட்டிருந்தாய். "பழசு கறுப்புங்கறத புதுசு சாம்பல்னு எடுத்துக்குதுய்யா. இப்ப எத வச்சி சரி பண்றது?" என்று சொல்லி, என் தோளைப் பார்த்தாய்.

"குடுய்யா அத."

"கல்யாணத் துண்டுய்யா!"

"தின்னுடவா போறேன்?"

டிவி ஓரத்தில் துண்டைத் தொங்கவிட்டு, படத்தில் அவர் தோளிலிருந்த மஞ்சளும் இதுவும் ஒன்றாகும் வரை கலரை மாற்றிக்கொண்டே இருந்தாய். முகத்தை மட்டும் அவளிடம் விட்டாய்.

"இன்னும் கறுப்பு. இன்னும். அவர வெளுக்காதீங்கண்ணே." பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, தலையை மட்டும் ஆட்டினாள்.

இறங்கும்போது சொன்னாய்: "எடம் மாறுனா எதுவும் கொஞ்சம் வெளுக்கும்யா. கூடவே ஒரு அடையாளம் போவணும்."

இன்று காலை அவள்தான் கூப்பிட்டாள். பிரான்சிலிருக்கும் மகள் அந்தப் படத்தை ஃபோனுக்கு மாற்றி அனுப்பியிருக்கிறாளாம். "துண்ட எடுத்துக்கினு வாங்கண்ணே."

ஃபோனுக்குப் பக்கத்தில் விரித்தேன். படத்தில் மாம்பழ மஞ்சள். என் கையிலிருந்த துண்டோ காய்ந்த சந்தன நிறம். எது தப்பென்று யாரைக் கேட்பேன், நீதான் இல்லையே?

அவள் துண்டைப் பார்க்கவே இல்லை. திரையில் அவர் கன்னத்தை விரலால் தொட்டாள்.

"வெளுத்தது துண்டுண்ணே. இவரு அப்படியேதான் இருக்காரு."

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டே திரும்பி வந்தேன். இனி அது பெட்டிக்குள் போகாது. அன்று அந்த மாடி அறையில் இருந்தவர்களில், என்னை விட்டால் மிச்சம் ஒருத்தி: அஞ்சலை.