கொசிமோ பாய்ந்தது மெய்யோ

ஒரேத்தோ, பலெர்மோ
2 யூன் 2025

அன்பின் தம்பி ஸ்ரான்லிக்கு,

அக்கா அகஸ்ரீனா எழுதுவது. மெல்பேணுக்குப் போய்ப் பத்து வருடம். ஒரு நத்தார் வாழ்த்து மட்டை தானும் உன்னிடமிருந்து வரவில்லை. கோபத்தைப் பிறகு வைத்துக்கொள்கிறேன். இப்போது ஓர் உதவி வேண்டும்.

நான் பராமரிக்கும் சினோரா நுன்சியாவுக்குத் தொண்ணூற்று நாலு வயது. இந்த வருடம் தாண்டாது என்கிறார் டொக்டர். அவவின் தகப்பன் கொசிமோ இளவயதில் உங்கள் மெல்பேணில் ஒரு பெரிய கழகத்துக்கு உதைபந்து விளையாடியவராம். மூன்றே ஆட்டம். கடைசி ஆட்டத்தில் எதிராளியின் தோளில் முழங்காலை ஊன்றி எழும்பி, ஆகாயத்தில் பந்தைக் கையால் பிடித்தாராம். விழுந்ததில் கால் போனது, கப்பலேறி வந்துவிட்டார்.

இங்கே ஒருவரும் நம்பவில்லை. பந்தைக் கையால் தொட்டாலே பிழை, இதில் தோளில் ஏறுவதா? ஊரே அவரைப் புளுகர் என்றது. சினோராவும் தன் கல்யாண விருந்தில் நாலு பேர் முன்னால் "போதும் அப்பா, பொய்" என்று சொல்லிவிட்டாவாம். சாகும்வரை அவர் அந்தக் கதையை மறுபடி எடுக்கவேயில்லை. இப்போது அவ என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்ர அப்பா பொய்யரோ?" என்று கேட்கிறா.

போனில் படம் காட்டினால் நம்பமாட்டா. பேரன் ஒருநாள் அதில் பறக்கும் பூனையைக் காட்டி ஏமாற்றிவிட்டான். என் அறையில் மடு மாதா படத்தைக் கண்டு, "உன்ர தம்பி இந்த மாதா மேல சத்தியம் பண்ணி எழுதட்டும், நம்புறன்" என்றா. எழுதடா.

உன் அக்கா
அகஸ்ரீனா

மெல்பேண்
30 யூன்

அன்புள்ள அக்கா,

குட்டு நன்றாக வலித்தது. கொசிமோவின் கழகம் எதுவென்று விசாரித்துப் போனேன். சுவர் முழுக்கப் பழைய ஆட்டக்காரரின் பெயர்கள். கொசிமோவும் இருக்கிறார்: 1912, மூன்று ஆட்டம். தொட்டுப் பார்த்தேன். ஆனால் அவர் பாய்ந்த கதை அங்கே எவருக்கும் தெரியாது. பெயருக்குச் சத்தியம் செய்வேன், பாய்ந்ததற்கு மாட்டேன். பேக்கரியே கதி என்று கிடக்கிற நான் இந்த விளையாட்டை ஒருநாளும் பார்த்ததில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கே நம்பிக்கையில்லை.

ஸ்ரான்லி

ஒரேத்தோ
22 யூலை

தம்பி,

பாதிச் சத்தியத்தை நான் என்ன செய்ய? சாகப்போகிற மனுசிக்காக ஒரு வரி கூட்டி எழுதினால் மடு மாதா உன் கண்ணைப் பிடுங்குவாவோ? சின்னனில் உன் களவுக்கெல்லாம் பொய் சொல்லி அடி வாங்கினவள் நான். மறந்துபோகாதே.

அகஸ்ரீனா

மெல்பேண்
25 ஓகஸ்ற்

அன்புள்ள அக்கா,

என்னோடு வேலை செய்யும் ஜெனிஸ்டனிடம் உங்கள் கடிதத்தைச் சொன்னேன். "பாத்திட்டு எழுதுங்கோ அண்ணை" என்று சனிக்கிழமை ஆட்டத்துக்கு இழுத்துக்கொண்டு போனான்.

முதலில் ஒன்றும் விளங்கவில்லை. இது அவுஸ்ரேலியாவுக்கே உரிய உதைபந்தாம்; பந்து முட்டை வடிவம், எல்லோரும் சேற்றில் உருளுகிறார்கள். பிறகு ஒருவன் தூரத்திலிருந்து ஓடி வந்தான். முன்னால் நின்றவனின் தோளில் முழங்கால் பட்டது. அக்கா, அவன் எழும்பினான். எழும்பிக்கொண்டே போனான். எல்லாத் தலைகளுக்கும் மேலே, மாங்காய் பறிக்கிறவன் மாதிரி ஆறுதலாக, இரண்டு கையாலும் பந்தை எடுத்தான். சனம் அப்படியே எழும்பி நின்றது. "யேசுவே!" என்று நானும் கத்திவிட்டேன், தேத்தண்ணி முழுக்க ஜெனிஸ்டனின் சப்பாத்தில். நடுவர் விசில் ஊதினார். பிழைக்கு அல்லவாம், பிடித்தது சரி என்பதற்காம். "அந்தக் காலத்திலயும் இதுதான் சட்டம்" என்றான் ஜெனிஸ்டன்.

மடு மாதா மேல் ஆணை: கொசிமோவின் பெயரையும் மூன்று ஆட்டம் என்பதையும் கண்டேன். மனிதன் மனிதனின் தோளில் ஏறிப் பந்து பிடிப்பதைக் கண்டேன். கொசிமோ பாய்ந்ததை நான் காணவில்லை. இதற்கு மேல் எழுத ஏலாது. கோபிக்காதேங்கோ.

ஸ்ரான்லி

ஒரேத்தோ
3 நவம்பர்

என் தங்கத் தம்பிக்கு,

உன் கடிதத்தைச் சினோராவுக்கு இத்தாலியனில் வாசித்தேன். காணவில்லை என்ற வரியை விழுங்கிவிடத்தான் நினைத்தேன். மாதா பார்த்துக்கொண்டிருந்தா, வாசித்துவிட்டேன். சினோரா அந்த வரியை மறுபடி வாசிக்கச் சொன்னா. பிறகு, "காணாததைக் காணேல்லை எண்டு எழுதியிருக்கிறான். அப்ப கண்டதெல்லாம் மெய்" என்றா. "மூண்டு ஆட்டம். பொய் சொல்லுறவன் முப்பது எண்டெல்லோ சொல்லுவான்!" என்று விக்கி விக்கி அழுதா. நீ கூட்டி எழுதியிருந்தால் நம்பியிருக்கவே மாட்டா, தம்பி.

நேற்று ஆத்துமாக்கள் திருநாள். சக்கர நாற்காலியில் சேமக்காலைக்குக் கொண்டுபோகச் சொன்னா. தகப்பனின் கல்லறைக்கு முன்னால் கடிதத்தைப் பலத்து வாசிக்க வைத்தா. பூவோடு வந்த சனம் எல்லாம் நின்று கேட்டது.

கரண்டி தூக்கவே நான் பிடிக்கவேண்டிய கைகள் அவை. இரண்டையும் தலைக்கு மேலே உயர்த்தினா.

"இப்பிடித்தானே, அப்பா?"

கைகளைக் கீழே இறக்க மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தா. நான் பின்னால் நின்று முழங்கைகளைத் தாங்கிக்கொண்டேன்.

உன் அக்கா
அகஸ்ரீனா