பதினேழாம் அறையில் ஆள் இல்லை

இன்று மேசை இழுப்பறையை ஒதுக்கும்போது நீ எழுதிய தாள் கிடைத்தது. பட்டாசு லேபிளின் பின்பக்கம், நீலப் பேனாவில் இரண்டே வரி: “வெறும் 17 – வரலை. அறை=17 – வருது.” ஓரத்தில் உன் விரலில் இருந்த வெடிமருந்தின் வெள்ளிக் கறை.

ஒரே வகுப்பில் கணினி படித்தோம். வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரே பட்டாசுக் கம்பெனியில் சேர்ந்தோம். எனக்கு அலுவலகம், உனக்கு சூப்பர்வைசர் வேலை. கம்பெனிக்குள் மட்டும் ஓடும் ஒரு விக்கியை, விக்கிப்பீடியா மாதிரி ஒரு தளத்தை, நான் அமைத்திருந்தேன். யார் எந்த அறையில் என்று காலையில் நீ பதிவு செய்வாய். அறைக்கு ஒரு பக்கம். அதில் உள்ள வார்ப்புருவுக்கு, அதாவது டெம்ப்ளேட்டுக்கு, அறை எண்ணைக் கொடுத்தால், தரவுத்தளத்தில் தேடி அங்கிருப்பவர்களின் பெயரைக் காட்டும். விபத்து என்றால் தீயணைப்புக்காரர்களுக்கு அந்தப் பட்டியல்தான்.

பூட்டிக் கிடந்த பதினேழாம் அறையைத் தீபாவளி ஆர்டருக்காகத் திறந்த வாரம், அதன் பக்கம் மட்டும் காலியாக வந்தது. நீதான் கண்டாய். சாப்பாட்டு நேரத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து, சோதனைப் பக்கத்தில் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தாய். வெறும் எண்ணாகக் கொடுத்தபோது, அதன் முன்னால் நான் தெரியாமல் தட்டிய ஓர் இடைவெளியும் சேர்ந்து தேடலுக்குள் போயிருந்தது. ‘அறை=’ என்று பெயர் சொல்லிக் கொடுத்தால் அந்த இடைவெளி உதிர்ந்துவிடுகிறது. அசல் பக்கத்தைத் திருத்தும் அனுமதி எனக்கு மட்டும்தான்.

“ஏட்டி, தப்புன்னு காட்டுனாக்கூடப் பரவால்ல. இது ஆளே இல்லன்னுல்ல காட்டுது. இன்னிக்கே மாத்திரு” என்றாய்.

சாயங்காலம் மாற்றுகிறேன் என்றேன். லோடு ஏற்றும் வேலையில் அந்தச் சாயங்காலம் போயிற்று. மறுநாளும் போயிற்று.

மூன்றாம் நாள் பதினைந்தாம் அறை வெடித்தது. சுற்றியிருந்த அறைகளும் சரிந்தன. எங்கெங்கே ஆள் என்று கேட்ட தீயணைப்பு அதிகாரிக்கு, காலையில் அச்செடுத்த பட்டியலை வாசித்தேன். பதினேழு வந்தபோது “ஆள் இல்லை” என்று என் வாயாலேயே சொன்னேன். அந்தப் புகையிலும் ஓலத்திலும் நீ சொன்னது எதுவுமே நினைவுக்கு வரவில்லை. பெயர் இருந்த அறைகளுக்கு ஓடினார்கள். தப்பி வந்த பெண்களுக்குள் உன்னைத் தேடிக் காணாதபோதுதான் எனக்கு உறைத்தது. அன்று பதினேழில் நீ ஒருத்திதான் இருந்தாய். உன்னை எடுக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று.

அடுத்த நாள் அந்த இடைவெளியை நீக்கினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. விசாரணையில் எல்லாவற்றையும் சொன்னேன். கணினிக் கோளாறு என்று எழுதிக்கொண்டார்கள்.

பிறகு நாரணாபுரம் போய் உன் வீட்டுக்காரரிடமும் சொன்னேன். தலை குனிந்தபடி முழுதும் கேட்டார். என்னைத் திட்டவில்லை. “உள்ளருந்து சத்தம் போட்டிருப்பாளோ, தங்கச்சி?” என்றார்.

தெரியலைண்ணே என்றேன். எழுந்து போய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். நானும் வாங்கிக் குடித்தேன்.

ஆள் இல்லை என்று சொன்ன என் குரல் மட்டும் இன்றும் தெளிவாகக் கேட்கிறது.