தோளில் லேசாகச் சிவப்பு

அப்பா,

இன்று காலை உங்கள் பைனாகுலர் பையைத் திறந்ததும் விபூதியும் தைலமும் கலந்து குப்பென்று அடித்தது. என் மகள் தும்மிவிட்டு, "தாத்தா வாசனைம்மா" என்றாள். நீங்கள் கண்மூடிய பிறகும் அந்த வாசனை பையை விட்டுப் போகவில்லை.

பூதலூர் வீட்டுக் கொல்லையில் புயலில் தலை போன தென்னை நின்றதே, அதில்தான் எல்லாம் ஆரம்பித்தது. தோளில் சிவப்புத் திட்டுள்ள பெரிய கிளி ஒன்று, எந்தக் கூண்டிலிருந்து தப்பியதோ, நம் ஊர்ப் பச்சைக்கிளியோடு அந்த மரத்துப் பொந்தில் குடித்தனம் வைத்தது. உங்களுக்குத் தலைகால் புரியவில்லை. குஞ்சு கலப்பாகப் பிறக்குமா என்று சோறு தண்ணீர் மறந்து காத்திருந்தீர்கள். அந்த நேரம் பார்த்துத்தான் நான் பிரபுவைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னேன். வேறு சாதி என்றதும் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டீர்கள்.

ஆனால் கிளிச் செய்தியை வயிற்றுக்குள் வைத்திருக்க உங்களால் முடியுமா? நான் எதிரிலேயே உட்கார்ந்திருக்க, அம்மாவிடம் சொன்னீர்கள்: "அவகிட்ட சொல்லு, குஞ்சு எட்டிப் பாக்குது." அம்மா என் பக்கம் திரும்பி, "எட்டிப் பாக்குதாம்" என்றாள். "தோள்ல செவப்பு இருக்கான்னு கேளும்மா" என்றேன். அதுதான் உங்களுக்குத் தெரியவில்லை. கண்ணில் புரை. மகளைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்ல ரோஷம் விடவில்லை.

ஒருநாள் பொறுக்கமாட்டாமல் பைனாகுலரை என் மடியில் வைத்தீர்கள். பார்த்தேன். தோளில் லேசாகச் சிவப்பு. "கலப்புதாம்ப்பா!" என்று கத்தினேன்.

"அவசரப்படாத. ஒரே ஒரு அடையாளத்த வச்சு முடிவு பண்ணக் கூடாது. உடம்பு, அலகு, குரல், எல்லாம் பாக்கணும்."

"பிரபுகிட்ட எத்தன அடையாளம் பாத்தீங்க?"

நீங்கள் பைனாகுலரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டீர்கள். நானும் விடவில்லை. "கிளியாச்சும் ரெண்டும் வேற வேற இனம். நாங்க ஒரே இனம்தானப்பா?" அம்மா சிரிப்பை அடக்க அடுப்படிக்கு ஓடினாள். நீங்கள் சட்டையை மாட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய்விட்டீர்கள்.

மறுநாள் அம்மா வழியாகக் கேள்வி வந்தது, அந்தப் பையனிடம் நல்ல கேமரா இருக்கிறதாமே என்று. பிரபு வந்தான். வெயிலில் தென்னையடியில் நின்று எடுத்த படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிக் காட்டினான். "அலகு பெரிசுதான். கொரல்லதான் சந்தேகம், பதிவு பண்ணணும்" என்றீர்கள். கொஞ்சம் கழித்து, அவன் முகத்தைப் பார்க்காமலே, "நாளைக்கும் வருவீங்களா?" என்றீர்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

திருவிடைமருதூர்க் கல்யாண மண்டபத்தில், கடைசிவரை நீங்கள் வருவீர்களா என்று எனக்குத் தெரியாது. வந்து ஓரமாக நின்றீர்கள். தாலி ஏறியபோது வெளியே ஒரு கிளிக்கூட்டம் கத்திக்கொண்டு போனது. நீங்கள் ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. எங்களையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள். அட்சதை போட மறந்து, கூட்டம் கலைந்த பிறகு அருகில் வந்து, "ரெண்டு பேரும் நல்லா இருங்க" என்று போட்டீர்கள்.

நீங்கள் பேசாதிருந்த அந்த மாதங்களை நினைத்து இப்போதும் எனக்குக் கோபம் வரும், அப்பா. அப்போதெல்லாம் கிளிச் சத்தத்துக்கு நீங்கள் திரும்பாமல் நின்றதைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.